ரெண்டு ரூபாய் டயோடு... ரகளையான கிடார்!

ஆடி மாசம். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. மைக் செட் அண்ணன் ஒரு குஷியில் வால்யூமை முழுசாகத் திருகிவிட... குரல் கிழிகிறது. 'கரகர'வென்று தெருவே அதிர்கிறது. மாடியிலிருந்து ஒரு பாட்டி, "டேய், அத்த கொஞ்சம் கம்மி பண்ணுடா!" என்று கத்துகிறார்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் 'கரகர' ஒன்றும் புதுசு இல்லை. மேட்டர் என்னன்னா, இதே கிழிசலைத்தான் கிடார் வாசிக்கிறவர்கள் பல ஆயிரம் கொடுத்து, காலால் மிதிக்கிற ஒரு குட்டி டப்பாவில் அடைத்து வாங்குகிறார்கள். பெயர், டிஸ்டார்ஷன் பெடல்.

கல்ச்சுரல்ஸ் சீசன் வந்தால் நம்ம ஏரியா பேண்டுகளுக்கு முதல் தலைவலியே இந்த டப்பாதான். கிடார் எப்படியோ தேறிவிடும். செகண்ட் ஹேண்டில் ஓர் ஆம்ப்கூட மாட்டிவிடும். பெடல்? 'மச்சி, ஒரு நாளைக்கு மட்டும் குடுடா' படலம்தான். மேடை ஏறுகிற அன்று காலை அந்த மச்சி போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுவான். அப்புறம் ப்ளைன் சத்தத்தில் மெட்டாலிக்கா வாசித்து, ஆடியன்ஸ் கொட்டாவி விட்டு... வேண்டாம், அந்தச் சோகம் நமக்கு எதுக்கு!

அந்த டப்பாவை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஒரு ஐ.சி., கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், அப்புறம் ரெண்டே ரெண்டு டயோடு. அந்த ரெண்டை மாற்றினால் கிடாரின் குரலே மாறும். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சமாச்சாரம் அது. எந்த டயோடு போட்டால் என்ன ஆகும், அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பில்டப்... வாங்க, பிரிச்சு மேயலாம்!

கிழிச்சாதான் கிக்கு!

கிடாரில் இந்தக் கிழிசல் ஆரம்பித்தது நிஜமான கிழிசலில்தான். 1958-ல் லிங்க் ரே என்கிற அமெரிக்கர் தன் ஆம்ப்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். 1964-ல் 'தி கின்க்ஸ்' பேண்டின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். நடுவில் 1961-ல் வந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டில், ரெக்கார்டிங் மிக்ஸர் பழுதாகி பேஸ் கிடார் 'பர்ர்ர்' என்று உறுமியது. தூக்கிப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்க முடியுமா என்று யோசித்து, 1962-ல் டிரான்சிஸ்டர் வைத்துச் செய்த பெட்டிதான் மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன். 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் அதை மிதிக்க, உலகமே அந்தப் பெட்டியின் பின்னால் ஓடியது.

எழுபதுகளில் ஆப்-ஆம்ப் ஐ.சி. மலிவாகக் கிடைத்ததும் வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. சத்தத்தை ஐ.சி. பெருக்கும். பெருக்கினதை டயோடு வெட்டும். அவ்வளவுதான் டிஸ்டார்ஷன். எப்படி வெட்டுகிறது என்பதில்தான் டயோடின் கைவண்ணம்.

கடலும் கல்லும்

டயோடு என்றால் ஒருவழிப் பாதை என்று பிளஸ் டூ-விலேயே படித்துவிட்டோம். நம்ம பெல்ட்டே டயோடில்தான் ஓடுகிறது. திருவொற்றியூரில் ஐம்பதுகளிலிருந்து என்ஃபீல்டு பைக் செய்தார்கள் இல்லையா, அந்த பைக்கின் ஆல்டர்னேட்டர் கரன்ட்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுவது டயோடு. துறைமுக கேட்டில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரியின் ஆல்டர்னேட்டரிலும் டயோடு. ஆனால், 'ஒருவழிப் பாதை' என்பது பாதி உண்மைதான். அந்த வழியும் சும்மா திறக்காது. ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ் வந்தால்தான் கதவு திறக்கும். கிடார்க்காரனுக்கு வேண்டியது அந்தக் குறிப்பிட்ட வோல்டேஜ்தான்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கி பீச் ரோட்டில் போயிருப்பீங்க. கடல் அரிப்பைத் தடுக்க வழியெல்லாம் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை கல் உயரத்துக்குள் இருந்தால் பிரச்னை இல்லை. அதைத் தாண்டி எழும்பினால், தாண்டின தண்ணி ரோட்டுப் பக்கம் கொட்டிவிடும். கடல் பக்கத்தில் நின்று பார்த்தால் அலையின் தலை மட்டும் காணாமல் போயிருக்கும். பெடலில் டயோடு அந்தக் கல்தான். கிடார் அலை எழும்பும்போது, டயோடின் உயரத்தைத் தாண்டின பகுதி கிரவுண்டுக்குப் போய்விடுகிறது. அலை கீழேயும் போகுமே என்கிறீர்களா? அதற்குத்தான் ரெண்டாவது டயோடு. தலைகீழாகத் திருப்பி வைத்து, கீழ்ப்பக்கத்தையும் வெட்டுகிறார்கள்.

இப்போ சுவர்களைப் பார்ப்போம். சிலிக்கான் டயோடு, அதாவது லேப் டிராயரில் கொத்துக் கொத்தாகக் கிடக்குமே 1என்4148, அதன் உயரம் சுமார் 0.6 வோல்ட். துறைமுகத்தின் கான்கிரீட் தளம் மாதிரி செங்குத்துச் சுவர். அலை அந்த உயரத்தைத் தொட்டதும் 'சரக்'கென்று தட்டையாகிவிடும். சத்தம் கூர்மையாக, கடிக்கிற மாதிரி வரும்.

ஜெர்மானியம் டயோடு குள்ளம். 0.2 முதல் 0.35 வோல்ட்டுக்குள் திறந்துவிடும். அதோடு செங்குத்தும் கிடையாது. கல் கொட்டின சரிவு மாதிரி, அலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தலையை உருண்டையாக்கும். சத்தம் மெத்தென்று, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும்.

எல்.இ.டி.யும் டயோடுதான் பாஸ்! சிவப்பு எல்.இ.டி. சுமார் 1.7 வோல்ட் உயரம். மெதுவாக மீட்டினால் கிளீனாகவே இருக்கும். ஓங்கி அடித்தால்தான் உறுமும். விரலின் வேகத்துக்குப் பதில் சொல்கிற சத்தம். சரி, வெள்ளை எல்.இ.டி. போட்டால் இன்னும் சூப்பரா? அது சுமார் 3 வோல்ட். 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற ஐ.சி.யே அந்த உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் மூச்சு முட்டித் தானாக வெட்ட ஆரம்பித்துவிடும். டயோடுக்குப் பெரிதாக வேலை இருக்காது.

ரெட்டைப் பிறவிகள்

இதெல்லாம் காதால் கேட்டால் தெரியுமா என்று சந்தேகம் வரும். வரணும். அதற்கு எழுபதுகளிலேயே ஒரு பக்காவான கேஸ் இருக்கிறது. எம்.எக்ஸ்.ஆர். கம்பெனியின் 'டிஸ்டார்ஷன் பிளஸ்', டி.ஓ.டி. கம்பெனியின் '250' என்று ரெண்டு பெடல்கள். சர்க்யூட் டயக்ராமைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காப்பி அடித்த ரெக்கார்டு நோட்டு மாதிரி இருக்கும். ரெண்டிலும் 741 ஐ.சி., 10 லட்சம் ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். கணக்குப் போட்டால் முழு கெய்னில் 213 மடங்கு பெருக்கம். முக்கிய வித்தியாசம்? ஒன்றில் ஜெர்மானியம், இன்னொன்றில் சிலிக்கான். கிடார் உலகில் ரெண்டுக்கும் தனித்தனி ரசிகர் மன்றம்!

ஆனால், இங்கேதான் ஒரு வில்லங்கம். சிலிக்கான் 0.6 வோல்ட்டில் வெட்டுகிறது, ஜெர்மானியம் 0.3 என்று வையுங்கள். அப்போ வெளியே வரும் சத்தமும் பாதி. டெசிபலில் சொன்னால் 6 குறைவு. சிவப்பு எல்.இ.டி.யோ சிலிக்கானைவிட 9 டெசிபல் அதிகம். நம் காதுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கொஞ்சம் சத்தமாக இருந்தால் 'இதுதான் நல்லா இருக்கு' என்று ஓட்டுப் போட்டுவிடும். 'டயோடு மாத்தினேன், சவுண்டு பிச்சிக்கிச்சு!' என்று சீன் போடுகிற நண்பனிடம், 'வால்யூமைச் சமமா வெச்சுக் கேட்டியா?' என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

சுவர் எங்கே இருக்கு?

டயோடைவிட முக்கியமான கேள்வி, அது சர்க்யூட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. டிஸ்டார்ஷன் பிளஸ், 1978-ல் வந்த பாஸ் டி.எஸ்.-1, அதே காலத்து 'ராட்' பெடல் இதிலெல்லாம் ஐ.சி.க்குப் பிறகு டயோடு, அங்கிருந்து நேராக கிரவுண்டு. வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு. இதற்கு ஹார்டு கிளிப்பிங் என்று பெயர்.

இபனெஸ் 'ட்யூப் ஸ்க்ரீமர்' வேறு ஸ்டைல். அதில் டயோடு ஐ.சி.யின் ஃபீட்பேக் பாதையில் இருக்கிறது. கதவு திறக்கும்போது பெருக்கம் குறையும், ஆனால் ஒன்றுக்குக் கீழே போகாது. வெட்டுப்பட்ட சத்தத்தின் மேலேயே ஒரிஜினல் கிடார் சத்தமும் சவாரி செய்யும். அதனால்தான் கோர்டு வாசித்தால் தனித்தனிக் கம்பி கொஞ்சம் காதில் விழுகிறது. அங்கேயும் சிலிக்கான்தான், இங்கேயும் சிலிக்கான்தான். சத்தம் ரெண்டு ஜாதி! போதாக்குறைக்கு ட்யூப் ஸ்க்ரீமரில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் டயோடைச் சேரும் முன்பே குறைக்கப்படுகிறது. அந்தப் புகழ்பெற்ற 'நடுக் குரல்' அங்கிருந்து வருவது. அந்தப் பெடலில் டயோடை மட்டும் மாற்றிவிட்டு வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

இன்னொரு விளையாட்டு, மேலே ரெண்டு டயோடு, கீழே ஒன்று என்று ஏறுக்குமாறாக வைப்பது. 1977-ல் பாஸ் ஓ.டி.-1 இப்படித்தான் வந்தது. மேலும் கீழும் சமமாக வெட்டினால் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் மட்டும்தான் பிறக்கும். ஏறுக்குமாறாக வெட்டினால் ரெண்டு மடங்கும், அதாவது ஒரு ஸ்தாயி மேலே உள்ள அதே ஸ்வரமும் கூட வரும். சத்தம் கொஞ்சம் சதைப்பிடிப்பாகும்.

டிஸ்டார்ஷன் போட்டதும் எல்லோரும் ஏன் பவர் கோர்டையே வாசிக்கிறார்கள் தெரியுமா? தடித்த ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் 123.5. ரெண்டையும் சேர்த்து வெட்டினால், கூட்டினதும் கழித்ததும் புதுச் சத்தமாக முளைக்கும். கழித்தால் சுமார் 41. அது அதே ஈ ஸ்வரம், ஒரு ஸ்தாயி கீழே! யாரும் வாசிக்காத பேஸ், இலவசம். முழு மேஜர் கோர்டு வாசித்தால் இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் சுருதிக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் விழுந்து சேறாகிவிடும்.

சட்டி, மோளத்துக்கு நடுவுல...

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கம் மேடையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராக்கையும் ஒன்றாக இறக்கியது உங்களுக்குத் தெரிந்த கதைதான். இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவில் சட்டி, கட்டமோளம், பறை எல்லாம் எலெக்ட்ரிக் கிடாரோடு ஒரே மேடையில் நின்றன. உங்கள் பேண்டும் அந்த ரூட் என்றால் ஒரு விஷயம். ஜெர்மானியம் சத்தத்தை நன்றாக நசுக்கிச் சமப்படுத்துகிறது. ஓங்கி அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் ஒரே உயரம். தனியாக ரூமில் வாசிக்கத் தேன் மாதிரி இருக்கும். சட்டியும் மோளமும் எகிறும்போது அந்தக் கிடார் கூட்டத்தில் தொலைந்த குழந்தைதான். அங்கே சிலிக்கானோ, எல்.இ.டி.யோ போட்டுக் கெய்னைக் குறைத்து வைத்தால், ஒவ்வொரு வெட்டும் தாளத்தோடு சேர்ந்து காதில் விழும். இது என் டேஸ்ட். நீங்க மாத்தி யோசிச்சா, கேட்க நான் ரெடி!

நம்ம ஊர் வெயிலும் ஜெர்மானியத்துக்கு ஆகாது. சூடு ஒரு டிகிரி ஏறினால் டயோடின் உயரம் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். ஏ.சி. ரூமின் 25 டிகிரியில் டியூன் செய்துவிட்டு, மே மாத மேடையில் பெடலுக்குள் 45 டிகிரி ஆனால் 40 மில்லிவோல்ட் அவுட். சிலிக்கானின் 600-ல் அது பெரிய விஷயமில்லை. ஜெர்மானியத்தின் 250-ல் ஆறில் ஒரு பங்கு! லீக்கேஜ் வேறு ஏறும். டிரான்சிஸ்டரே ஜெர்மானியமாக இருக்கிற பழைய ஃபஸ் பெட்டிகளில் இந்தத் தொல்லை இன்னும் மோசம்.

மேஜிக் டயோடா? மீட்டரை எடு!

ஜெர்மானியத்தைச் சுற்றி ஒரு பக்தி இயக்கமே நடக்கிறது. 1994-ல் வந்த 'க்லான் சென்டார்' என்ற பெடலில் இருப்பது ஜெர்மானியம் டயோடு. உள்ளே இருப்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று எபாக்ஸி ஊற்றி மூடி விற்றார்கள். இன்று செகண்ட் ஹேண்டில் லட்சங்களில் பேசுகிறார்கள். 'அந்த மாதிரி டயோடு இனி கிடைக்காது' என்ற வசனத்தில் மயங்கி, நானும் ஒருமுறை ஒரு ஜோடிக்கு நூற்றுக்கணக்கில் அழுதேன். வந்ததை மீட்டரில் வைத்துச் சோதித்தால், ஜெர்மானியம் வேஷம் போட்ட ஷாட்கி டயோடு! அந்தக் காசுக்கு ஒரு வாரம் பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்.

மல்ட்டி மீட்டரை டயோடு மோடில் வைத்தால் சிலிக்கான் 0.5-க்கு மேலே காட்டும், ஜெர்மானியம் 0.2, 0.3 என்று காட்டும். ஷாட்கியும் கிட்டத்தட்ட அதையே காட்டுவதால்தான் ஏமாற்றுவது சுலபம். கண்ணாடி உடம்புக்குள் மெல்லிய கம்பி முனை ஒன்று படிகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரிகிறதா பாருங்கள். பழைய ஜெர்மானியத்தின் அங்க அடையாளம் அது.

சொல்லப்போனால் கம்பி முனை படிகத்தைத் தொடுகிற இந்த ஐடியாவே நம்ம ஊர் சரக்கு. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் காரீயத் தாதுவான கலீனா படிகத்தில் அலை பிடிக்கும் கருவி செய்து, 1901-ல் விண்ணப்பித்து, 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். செமிகண்டக்டர் கருவி ஒன்றுக்கு முதலில் கிடைத்த காப்புரிமை என்று அதைச் சொல்கிறார்கள். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962-லேயே ஜெர்மானியம் செமிகண்டக்டர் செய்ய ஆரம்பித்தது. உங்க கம்யூனிகேஷன் லேபில் ஏ.எம். டிடெக்டர் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு 'ஓஏ79' என்று ஒன்று தருவார்களே, ஞாபகம் இருக்கா? அது ஜெர்மானியம்தான்! (லேபிலிருந்து சுட்டுடாதீங்க. அட்டெண்டர் எண்ணி வெச்சிருப்பார்.) காயலான் கடையில் எடைக்குப் போட்ட பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ கிடைத்தால் அதன் டிடெக்டர் பகுதியிலும் இதன் சொந்தக்காரன் ஒருவன் இருப்பான்.

தேரடி டு ரிச்சி தெரு

2021-லிருந்து நமக்கு மெட்ரோ இருக்கிறது. திருவொற்றியூர் தேரடியில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ரிச்சி தெரு. டிஸ்டார்ஷன் பிளஸ் வகை சர்க்யூட்டுக்கு வேண்டியது ஒரு 741, பத்துப் பதினைந்து ரெசிஸ்டர் கெபாசிட்டர், ரெண்டு பாட், ரெண்டு ஜாக், 9 வோல்ட் பேட்டரி கிளிப், ஓட்டை போட்ட போர்டு. டயோடை மட்டும் சால்டர் வைக்காதீங்க. ஐ.சி. சாக்கெட்டை வெட்டி அதில் செருகுங்கள். 1என்4148 நாலு, சிவப்பு எல்.இ.டி. ரெண்டு, சார்ஜர்களில் வருமே 1என்4007 அது ரெண்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1என்4007 கரன்ட் மாற்றுகிற தடியன். ஆனாலும் இந்த வேலையை மறுக்காமல் செய்யும். 4148-க்கும் அதற்கும் வித்தியாசம் கேட்டால் உங்களுக்கு நாய்க் காது!

பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள், கரன்ட் பிளக் பக்கமே போக வேண்டாம். டயோடுகளுக்குப் பக்கத்தில் 0.001 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். அதைப் பெரிதாக்கினால் 'ஈ' மொய்க்கிற மாதிரியான மேல் சத்தம் அடங்கும். பல பேர் டயோடில் தேடுகிற மென்மை அந்தக் கெபாசிட்டரில் இருக்கிறது.

டெஸ்ட் வைக்கிற அன்று நீங்கள் திரும்பி உட்கார்ந்து வாசியுங்கள். பின்னால் ஃப்ரெண்ட் டயோடை மாற்றட்டும். ஒவ்வொரு முறையும் வால்யூமைச் சமப்படுத்தட்டும். எது எது என்று அவன் வாயைத் திறக்கக் கூடாது. உங்களுக்குப் பிடித்த நம்பரை நோட்டில் எழுதி வையுங்கள், எல்லாம் முடிந்ததும் சரி பாருங்கள். சிலிக்கானையே மூன்று முறை போட்டு ஏமாற்றுகிற ஃப்ரெண்டாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், வாசித்து முடித்ததும் கிடார் வயரைப் பெடலிலிருந்து உருவி வைத்துவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் வயரைச் செருகுவதுதான் ஸ்விட்ச். உருவாமல் விட்டால் பேட்டரி சத்தமில்லாமல் கரைந்து, கரெக்டாக கல்ச்சுரல்ஸ் அன்று மேடையில் செத்துப்போகும். அந்த பேட்டரியின் விலைக்கு ஒரு கைப்பிடி டயோடு வாங்கலாம் பாஸ்!